வெல்லப்பாகில் ஊறிய நெல்லிக்காய்

எனக்குத் தற்பெருமை அதிகம் என்று எங்கள் பாரிவாக்கம் தெருவே சொல்லும். சொல்லட்டும். என் கணவரின் மூளையைப் பற்றிப் பீற்றிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். டிராயிங்கை ஒருமுறை பார்த்தால் போதும், அத்தனை அளவும் மனதில் நிற்கும். எங்கள் இரண்டு குடும்பத்திலும் போன தலைமுறை அடுத்தவர் வயலில் நாற்று நட்டது. இவர் இம்மியும் பிசகாமல் இரும்பைக் கடைகிறார். அந்த மனிதர் போன வருடம் ஒரே டிராயிங்கை நாலு முறை பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் அளவு மாறி, ஒரு தட்டு நிறையப் பீஸ் வீணானது. இன்னொரு தப்பு நடந்தால் லேத்தை விட்டுப் பேக்கிங்தான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். "அட்டப்பெட்டி ஒட்றதுக்கா இத்தினி வருசம் கத்துகினேன்?" என்று கேட்டுவிட்டு இவர் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ரத்தம் சோதித்துப் பார்த்தால் சர்க்கரை எகிறியிருந்தது. பூந்தமல்லி டாக்டரம்மா, "சர்க்கரை ஏறிக்கிட்டே இருந்தா மூளையும் அடி வாங்கும்மா. மாத்திரையை விடாதீங்க. கீரை, மஞ்சள், நெல்லிக்காய்ல எல்லாம் மூளைக்கு நல்லது பண்ற சத்து இருக்கு. ஆனா முதல்ல இனிப்பையும் சோத்தையும் குறைங்க" என்றார். நான் நெல்லிக்காய் வரைக்கும்தான் கேட்டேன் போலிருக்கிறது.

மறுநாளே இரண்டு கிலோ வாங்கி வெல்லப்பாகில் ஊறப்போட்டேன். காலையில் மூன்று, வேலைக்குப் போகும்போது டப்பாவில் இரண்டு. மூன்று மாதத்தில் சர்க்கரை இன்னும் ஏறியது. என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதும் பையிலிருந்து நெல்லிக்காய் பாட்டிலையே எடுத்து மேசைமேல் வைத்தேன், முகமெல்லாம் பெருமையாக. அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மே, என்னிய ஒரேடியா அனுப்ப பாத்தியா?" என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கத்தில் உயிரே போய்விட்டது.

அதற்கப்புறம் நெல்லிக்காய் பச்சையாக, உப்புத் தொட்டு. தட்டில் பாதி முருங்கைக்கீரை, ஓரத்தில் கறிவேப்பிலைத் துவையல், சோறு ஒரே கரண்டி.

"நான் இன்னா ஆடா?" என்றார்.

"ஆமா, மேயி" என்றேன். மேய்ந்தார்.

அவர்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. புது வேலையில் முதல் பீஸ் பாஸானால், கடைந்தவர் எல்லோருக்கும் டீயும் ஜாங்கிரியும் வாங்கித் தர வேண்டும். பேக்கிங் பேச்சு இன்னும் அடங்காத போன மாதம், சிக்கலான டிராயிங் ஒன்றை இவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அன்று மதியம் இவரிடமிருந்து போன் வந்தது.

"ஃபஸ்ட் பீஸு பாஸும்மே."

"டிராயிங்க எத்தினி தபா பாத்த?"

"ஒரே தபா. மட்ச்சி பாக்கெட்ல வெச்சிட்டேன்."

"ஜாங்கிரி?"

"சுண்டல் வாங்கிக் குட்த்தேன். திட்டிகினே துன்றானுங்க."

கீரையா, குறைத்த சோறா, மாத்திரையா, எது காப்பாற்றியது என்று டாக்டரம்மாவே பிரித்துச் சொல்லவில்லை. எனக்கும் அது வேண்டாம். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பீற்றிக்கொள்ள ஆள் வேண்டுமே.