அவர் பெங்காலி ஆகிவிட்டார் என்று நினைத்தேன்

என் கணவருக்கு மூக்கின்மேல் கோபம் என்றால் அது பேச்சுக்குச் சொல்வதல்ல. உண்மையிலேயே மூக்கு வழியாகத்தான் வந்தது. திருநெல்வேலிச் சைவக் குடும்பம். துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்து கொல்கத்தாவுக்கு வந்தவர். டாக்குரியாவில் நாங்கள் வாங்கிய ஃப்ளாட்டுக்குக் கீழே, கிழக்கு வங்காளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பம். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது அவர்கள் வீட்டில் ஷுட்கி. நம்மூர்க் கருவாடுதான். கடுகெண்ணெயில் பூண்டை அள்ளிப் போட்டு வதக்குவார்கள். மற்ற பெங்காலிகளே அதற்கு முகம் சுளிப்பார்கள்.

அந்த ஞாயிறுகளில் எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தப்படும், மே மாதப் புழுக்கத்திலும்தான். ஊதுபத்தியைக் கொத்தாகக் கொளுத்துவார். சோறு இறங்காது. பிறகு, "இந்த ஃப்ளாட்டை வாங்கச் சொன்னது யாரு?" என்று என் பக்கம் திரும்புவார். வாங்கச் சொன்னது நான்தான். நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. இருபது வருடம் இதே சண்டை. படிக்கட்டில் கீழ்வீட்டு பௌதியைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். பௌதி என்றால் அண்ணி. இங்கே அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அண்ணிதான்.

அவர் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து ஒரு ஞாயிறு, கீழே ஷுட்கி வதங்கியது. வழக்கம்போல ஜன்னலைச் சாத்த ஓடினேன். "ஏன் சாத்துத? காத்து வரட்டும்" என்றார். பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அடுத்த முறையும் அப்படியே. ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மனிதர் ஒருவழியாக பெங்காலி ஆகிவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னேன். பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பொங்கலுக்குக் கூடிய நம்மவர்களிடம் நடித்தே காட்டினேன். பௌதியிடமும் சொன்னேன். அவள் கைகொட்டிச் சிரித்து, "தாதா ஏகோன் ஆமாதேர் லோக்" என்றாள். அண்ணன் இப்போது நம்ம ஆள் என்று அர்த்தம். சாயங்காலம் ஒரு கிண்ணம் பாயசமும் வந்தது. அவர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். நான் கிண்டல் செய்தபோதெல்லாம் லேசாகச் சிரித்துவைத்தார்.

அப்புறம் வேறு சிலதும் நடந்தன. அடுப்பில் பால் அடிப்பிடித்துத் தீய்ந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஊசிப்போன சாம்பாரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். கவனம் எங்கே போனது என்று திட்டினேன். இதையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

போன மழைக்காலத்தில், தினமும் ஏரிக்கரைக்கு நடக்கப் போகிறவரை ஒரு நாள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வீட்டுக்குக் கூட்டிவந்தார். எங்கள் சந்து எது என்று தெரியாமல் ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஞாபகத்துக்கான கேள்விகள் எல்லாம் முடிந்து, டாக்டரம்மா மூன்று சின்ன டப்பாக்களை எடுத்துவைத்தார். காபித்தூள், கிராம்பு, சோப்பு. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்தார். மூன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். காபித்தூள் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே மணத்தது.

"வாசனை தெரியாமல் போக எத்தனையோ காரணம் இருக்கலாம், ஜலதோஷம்கூட" என்றார் டாக்டர் பெங்காலியில். "ஆனால் அல்சைமரில் சில பேருக்கு ஞாபகம் குறைவதற்கு வருஷக்கணக்கில் முன்னாலேயே முகரும் சக்தி போய்விடும். மற்ற பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் இவருக்கும் அப்படித்தான் தெரிகிறது. எப்போதிலிருந்து இப்படி?"

எப்போதிலிருந்து என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தவள் நான். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய், வெட்கம் மட்டும் மிச்சம் இருந்தது. அப்போதே கூட்டிவந்திருந்தால் ஏதாவது செய்திருக்க முடியுமா என்று கேட்கத் தைரியம் இல்லை. ஒரு மாதமாகத்தான் என்று சொன்னேன்.

"இல்ல. தின் பொச்சோர்" என்றார் அவர். மூன்று வருடம். காலையில் இட்லி சாப்பிட்டது நினைவில்லாத மனிதருக்கு இது நினைவிருந்தது. டாக்டர் எழுதிக்கொண்டார்.

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்று தமிழில் கேட்டேன். "பிறகு ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

அவர் காபித்தூள் டப்பாவை மூடித் தள்ளிவைத்தார்.

"நமக்குள்ள சண்டை நின்னுபோச்சுல்லா" என்றார். "நீயும் சிரிச்சுக்கிட்டு இருந்த. அதான் சொல்லல்ல."