ஏச்சுப் பயிற்சி

விளையாட்டுப் பிள்ளைகளின் மனத்தைத் திடப்படுத்தும் வேலையில் வெளியே காட்ட ஒன்றும் இருக்காது. அதனாலேயே நம்மை எல்லோரும் சந்தேகப்படுவார்கள். மீன் விற்கும் புஷ்பத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது இராஜாக்கமங்கலம் பேருந்து நிறுத்தத்தில். வணக்கம் சொன்னேன். எதையாவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்பதுபோல என் இரண்டு கைகளையும் பார்த்தார். இதே வேலையில் நொந்துகிடக்கும் உங்களுக்கு அந்தப் பார்வை தெரிந்திருக்கும்.

கண்ணை மூடு

சுனாமிக்குச் சில வருடம் கழித்து, புஷ்பத்தின் மகள் ஜெனி என்னிடம் வந்தாள். நீளம் தாண்டுகிறவள். பயிற்சியில் குறை சொல்ல முடியாது. போட்டியில் யாராவது கத்தினால் போதும், கால் எல்லைப் பலகையைத் தாண்டி மிதித்துவிடும், சிவப்புக் கொடி காட்டுவார்கள், அந்தத் தாண்டல் செல்லாது. மாவட்டப் போட்டியில் தேறினால் விளையாட்டு விடுதியில் இடம், தவறினால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

நான் நூலகப் புத்தகங்களைப் படித்து இதைக் கற்றவன். பள்ளி மைதானத்தில் அவளைக் கண்ணை மூடி உட்காரவைத்து, ஓடித் தாண்டுவதை மனத்துக்குள் நடத்திப் பார்க்கச் சொன்னேன். வேலிக்கு அப்பால் நின்ற புஷ்பம் உள்ளே வந்தார். “பெஞ்சாதி செத்த ஆளு, குமருப் பிள்ளைய கண்ணை மூடச் சொல்லுதீரு. நீரு மட்டும் தொறந்து வச்சுக்கிட்டு என்ன பாக்குதீரு சாரே?”

குளிகை

மறுநாளிலிருந்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெனி தாண்டும் தூரம் கூடியது. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியருக்கு அது உறுத்தியது. என் துணிப்பையை வாங்கிக் கவிழ்த்தார். மூக்குக் கண்ணாடியும் ஒரு பொட்டலம் நிலக்கடலையும் விழுந்தன. கடலையை முகர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “எந்தக் குளிகைன்னு எங்கிட்ட மட்டும் சொல்லும் ஓய், மத்த பிள்ளையளுக்கும் குடுக்கலாம்.”

ஏச்சு

கூச்சலுக்குப் பழக்க ஆள் வேண்டும். ஏலம் முடிந்து வரும் மீன்காரப் பெண்களைக் கூப்பிட்டு, ஜெனி ஓடும்போது வாய்க்கு வந்தபடி ஏசச் சொன்னேன். அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், கடைசியில் பலகையைச் சரியாக மிதித்தாள். புஷ்பம் மட்டும் ஏசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எம்பிள்ளைய ஊரே ஏசணும், நீரு நல்லவரா நிக்கணும். இதுல என்னமோ இருக்கு.”

மூன்றாவது முறை

நாகர்கோவிலில் போட்டி. கூட்டமெல்லாம் ஓட்டப்பந்தயம் பார்க்கப் போய்விட்டது. மணல் குழிப் பக்கம் ஒரு சத்தமில்லை. ஏச்சு கேட்டே ஓடிப் பழகியவளுக்கு அந்த அமைதியில் கால் குழம்பியது. முதல் இரண்டு முறையும் சிவப்புக் கொடி. மூன்றாவது, கடைசி முறை, ஓடாமல் நின்றாள்.

புஷ்பம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகினார். “ஏட்டி சவமே, அங்கன என்னத்தப் பாத்துட்டு நிக்க? காலு வெளங்காதா ஒனக்கு? ஓடுட்டி மூதி.”

ஓடினாள். வெள்ளைக் கொடி. விடுதியில் இடம் கிடைத்தது. புஷ்பத்துக்கு நன்றி சொன்னேன். “எம்பிள்ள தாண்டுனதுக்கு நீரு எதுக்கு நன்றி சொல்லுதீரு? இதுல உமக்கு என்ன லாபம்?”

புஷ்பம் இறந்துவிட்டார், ஜெனி அரசு வேலையில் இருக்கிறாள், வழியில் கண்டால் நின்று பேசுகிறாள், அவளும் இதுவரை என்னை நம்பியதாகத் தெரியவில்லை.