வெங்கலம் அக்கா சொன்ன ஆறு மாதம்

எங்கள் கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற அக்காவுக்கு வெண்கலத் தொண்டை. அதனால் எல்லோருக்கும் அவள் வெங்கலம் அக்கா. வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் தெருமுனையில் பதுங்கியிருப்பவனும் வந்துவிடுவான். ஆனால் அவளிடம் இன்னொரு குரலும் இருந்தது. பயந்து வெளிறி நிற்பவர்களின் காதோரம் குனிந்து மெதுவாகச் சொல்வாள்.

"ஒத்துக்கப்பா. இங்க ஆறு மாசத்துக்கு மேல போட முடியாது. இழுத்தடிச்சா நாய் படாத பாடு படுவே."

அவள் சொன்னது உண்மைதான். எங்களுடையது சின்ன கோர்ட். அதற்கு மேல் தண்டனை வேண்டுமென்றால் பெரிய கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கே வக்கீல் உண்டு, சாட்சி உண்டு, யோசிக்க நேரமும் உண்டு.

அங்கே வழக்குகள் மலையாகக் குவிந்ததும் மேலே இருக்கிற மகான்களுக்கு ஒரு யோசனை உதித்தது. சின்ன கோர்ட்டே இனி இரண்டு வருடம் வரை போடலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதிகாரத்தை மட்டும் கீழே அனுப்பினார்கள். வக்கீலையும் நேரத்தையும் மேலேயே வைத்துக்கொண்டார்கள். நீதிபதிக்குச் சொன்னார்கள். வாசலில் நிற்கிறவளுக்கு யார் சொல்வார்கள்? உள்ளே தட்டச்சு செய்கிற எனக்கே சொல்லவில்லை.

அந்த வாரம்தான் அவளுடைய தம்பியின் வழக்கு வந்தது. கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். மேஸ்திரி சட்டையைப் பிடித்து உலுக்க, இவன் தள்ளிவிட, மேஸ்திரி மேடையிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார்.

"அக்கா, அவர்தான் முதல்ல கை வெச்சார். பார்த்தவங்க இருக்காங்க. நான் சொல்லிடறேனே" என்றான் தம்பி.

"வாய மூடிட்டு ஒத்துக்கடா. நான் பார்க்காத கேஸா?"

அவளே அவன் பெயரைக் கூப்பிட்டாள். அவன் ஒத்துக்கொண்டான். நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டு வருடம் என்றார். என் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. தம்பி நீதிபதியைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற அக்காவைத்தான் பார்த்தான்.

அப்பீல் போகலாமா என்று ஒரு வக்கீலைக் கேட்டோம். "தானா ஒத்துக்கிட்டவனுக்கு அங்க போய் என்னத்தப் பேசறது?" என்று கையை விரித்துவிட்டார்.

மறுநாள் வேலைக்கு வந்தவள் யார் காதோரமும் குனியவில்லை. வாசலில் நின்று முழுத் தொண்டையில் கத்தினாள்.

"இங்க இப்ப ரெண்டு வருஷம் போடறாங்க! வக்கீலைப் பார்க்காம யாரும் ஒத்துக்காதீங்க!"

நீதிபதி உள்ளே கூப்பிட்டார். "என்னம்மா இது? உன் வேலை பேர் கூப்பிடறது மட்டும்தான்."

"ஆமாய்யா. ஆனா ஆறு மாசம்னு நான் இத்தனை வருஷமா சொன்னது உங்க காதுலயும் விழுந்திருக்கும். மாறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் தம்பி வாயைத் திறந்திருப்பானே!"

அவர் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்.

இப்போது அவள் எதிர்ச் சாரியில் நின்று அதையே கத்துகிறாள். ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி உத்தரவு. சாத்திவிட்டோம். ஆனாலும் ஒவ்வொரு வழக்கிலும் "ஒத்துக்கறியா?" என்று நீதிபதி கேட்கும்போது, நிற்கிறவன் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டு, "இல்லைய்யா" என்கிறான்.