ஏசி தண்ணி என்று நான் சொன்னது

ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரத்தடியில் இன்று காலை ஈரம். "ஏசி தண்ணிதான்" என்று மனைவியிடம் அறிவித்தேன்.

"ஏசி ஓடியே ஒரு வருசமாச்சு. தண்ணி எங்குட்டிருந்து வருதுங்கிறீக?"

தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுத்தது. பிரேக்கை மிதித்தால் பெடல் தரை வரை இறங்கியது. சக்கரத்தைக் கழற்றியதும் தெரிந்தது, பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸில் விரிசல்.

புது ஹோஸ் மாட்டி, புது பிரேக் ஆயில் ஊற்றினேன். உள்ளே சிக்கிய காற்று வெளியேற அவள் பெடலை மிதித்தாள். நான் கீழே கிடந்து காற்று விடும் திருகாணியைத் திறந்து மூடினேன். பாதி ஆயில் என் சட்டையில். ஒருவழியாகப் பெடல் கல் மாதிரி நின்றது.

"ஏறு, கண்டரமாணிக்கம் வரைக்கும் போய்ட்டு வருவோம்" என்றேன் பெருமையாக.

"நீங்க முன்னால போங்க. நான் ஸ்கூட்டர்ல வாறேன்."

பக்கத்து சீட் காலி. யாரு வாரீக?