சேர் சுவருக்குப் படிப்பித்த கணக்கு

மகள் படித்த மகளிர் கல்லூரிக்கு நான் இரண்டு தரம் முறைப்பாடு சொல்லப் போயிருக்கிறேன். முதல் தரம் எங்கள் தெருப் பெண்களெல்லாம் ஒரு கூட்டமாகப் போனோம். இரண்டாம் தரம் தனியாகப் போனேன். முதலில் சொன்னது பலித்தபடியால்தான் மறுபடியும் போக வேண்டி வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் மனிசன் சவூதியில் லொறி ஓடிக்கொண்டிருந்தார். மகளின் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்தவர் மருதமுனையிலிருந்து சைக்கிளில் வரும் வயதான சேர். படிப்பிப்பதில் ஒரு குறையும் சொல்லேலாது. ஆனால் அவருடைய கணக்கில் எப்படியும் ஒரு மாப்பிள்ளை வந்துவிடுவார். "உன்ட மாப்பிள்ளை ஊரெல்லாம் லாபத்துக்குச் சாரன் வித்துப்போட்டு மாமிக்கு மட்டும் நட்டத்துக்குக் குடுக்கார். மனிசன் பிழைப்பாரா, இல்லாட்டி உன்ட வாப்பாக்கிட்டக் கைநீட்டுவாரா? செய்து பாரு புள்ள." பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கணக்கைச் செய்துவிடுவார்கள். மகள் வீட்டுக்கு வந்தும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

முன்வீட்டு ராத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "வயசுக்கு வந்த புள்ளயளோட மாப்பிள்ளைக் கதை கதைக்கிற ஆளெல்லாம் ஒரு சேரா?" என்றாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோரும் போனோம். அதிபரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். அவருக்கு முன்னால் மற்றவர்கள் தடுமாறியபோது நான்தான் சொன்னேன்: "எங்கட புள்ளயள ஏறெடுத்துப் பாக்காத ஒராளப் போட்டுத் தாங்க டீச்சர்." திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லுக்காக என்னை மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வருடம் முடிய அவர் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போனார். புதிதாக வந்தவர் இளம் பொடியன். தாடி, தொப்பி, அஞ்சு வேளையும் பள்ளிவாசல். றோட்டில் நடக்கும்போதுகூட நிலத்தைத்தான் பார்ப்பார். "இவரப் பெத்தவ குடுத்து வைச்சவ" என்று ராத்தா சொன்னாள். நான் அஸர் தொழுதுவிட்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு மகளின் கணக்குப் புள்ளி விழத் தொடங்கியது. ஒவ்வொரு தவணையும் விழுந்தது.

"ஏன் மகள், என்ன நடந்த?"

"உம்மா, சேர் சுவருக்குத்தான் படிப்பிக்கார். சோதினையில சுவர் பாஸாகும், பாருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனிசன் ஊரில் இல்லாத வீட்டில் கூடப்பிறந்த மூத்தவர், என் காக்காவின் பேச்சுத்தான் பேச்சு. அவர் முதலே சொல்லியிருந்தார்: "ஓ.எல். பாஸாகினா மேல படிக்கட்டும். கணக்குத் தவறிச்செண்டா மறுகா என்னத்துக்கு வீட்டுல வைச்சிரிக்க? நான் ஒரு மாப்பிள்ளை பாத்துத்தான் வைச்சிரிக்கன்." என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். குர்ஆன் ஓதுவேன், பத்திரிகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். மகளாவது ஒரு டீச்சராக வர வேண்டுமென்பது நான் தொழுகைப் பாயில் மட்டும் சொல்லிக்கொண்ட ஆசை.

கல்லூரிக்குப் போனேன். பெரிய டீச்சர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். முன்பு நான் சொன்னதை ஞாபகப்படுத்தவில்லை. "சும்மா சொல்றத விட, வந்து இருந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வாங்கில் என்னை இருத்திவிட்டுப் போய்விட்டார். மகள் என்னைக் கண்டதும் தலையை மேசைக்குள் புதைத்துக்கொண்டாள்.

சேர் வாசற்படியைப் பார்த்து ஸலாம் சொன்னார். அப்படியே கரும்பலகைக்குத் திரும்பினார். வெள்ளை உடுப்புகளுக்கு நடுவில் ஒரு கிழட்டுச் சாரி இருப்பது அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் எழுதியதை அவருடைய முதுகே மறைத்தது. பேச்சு பலகையில் பட்டு அங்கேயே நின்றது. இடைக்கிடை "விளங்கிச்சா?" என்று பலகையிடம் கேட்பார். ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. "சரி" என்று அழித்துவிட்டு அடுத்ததை எழுதுவார்.

நிக்காஹ்வுக்குச் சம்மதம் கேட்கும்போது பெண் பேசாமலிருந்தால் அது சம்மதம் என்று எடுப்பார்கள். நாங்களும் அப்படித்தான் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருந்தோம். பெரியவர்கள் கேட்டால் பேசாமல் இருக்க வேண்டும். எனக்குப் பக்கத்திலிருந்த பிள்ளை கொப்பியில் பூ கீறிக்கொண்டிருந்தது. சேருடைய சேட் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. அவரும் பயந்துகொண்டுதான் நிற்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பாடம் முடிந்து பெரிய டீச்சர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார். நான் தொடங்க முன்னமே கதவடியில் நின்றபடி சேர் நிலத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"உம்மா, நான் நல்லாப் படிப்பிக்கல்ல எண்டு எனக்கே தெரியும். பொடியன்களுக்கு ரியூசன் குடுக்கக்க நான் இப்படி இல்ல. முகத்தப் பாத்தாத்தானே விளங்கினதா இல்லையா எண்டு தெரியும்? இஞ்ச வந்த அண்டைக்கே சொல்லித் தந்தாங்க, தாய்மார் வந்து கேட்டிரிக்காங்களாம், எங்கட புள்ளயள ஏறெடுத்துப் பாக்கப்படாதாம் எண்டு."

என் சொல் அது. சுற்றிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. பெரிய டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது எனக்கு. நான்தான் சொன்னேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அண்டைக்கு வந்த தாய்மார் திரும்ப வந்து சொன்னா, சேரும் பயமில்லாமப் படிப்பிப்பார்" என்றார் பெரிய டீச்சர்.

அன்று பின்னேரமே ராத்தா வீட்டுக்குப் போனேன். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அப்படியே சொல்ல வேண்டியதாயிற்று.

"சேர் நம்மட புள்ளயளப் பாத்துப் படிப்பிக்கட்டும் எண்டு போய்ச் சொல்லுவம் ராத்தா."

சுளகு நின்றது. "உனக்கு விசர் புடிச்சிரிக்கா? பாக்க வேணாம் எண்டவளும் நீதான், பாக்கச் சொல்றவளும் நீதான். நாளைக்குக் கையப் புடிச்சு எழுதிக் காட்டச் சொல்லுவியா?" பிறகு அரிசியைப் பார்த்துக்கொண்டே, "மனிசன் சவூதியில. கேக்க ஆளில்ல" என்றாள்.

அதற்குமேல் மற்ற வீடுகளுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அடுத்த நாள் கல்லூரிக்குத் தனியாகவே போனேன், முறைப்பாட்டுக்கில்லை, கேட்டுக்கொள்ள. "மத்தப் புள்ளயளுக்கு என்னால சொல்லேலா. என்ட மகளப் பாத்துப் படிப்பிங்க சேர்" என்றேன். அவர் தலையாட்டினார். பெரிய டீச்சர் மகளை முன்வாங்குக்கு மாற்றினார்.

அதிலிருந்து "விளங்கிச்சா?" என்று சேர் திரும்பிக் கேட்பது மகளிடம் மட்டும்தான். தாய் அனுமதி கொடுத்த முகம் அது ஒன்றுதானே. பின்னாலிருக்கும் பிள்ளைகளுக்கு விளங்காவிட்டால் பென்சிலால் இவள் முதுகில் குத்துவார்கள். இவள் "இல்ல சேர்" என்பாள். அவர் திரும்பவும் முதலிலிருந்து சொல்லுவார். முழு வகுப்புக்கும் விளங்காததையெல்லாம் என் மகள் தனக்கு விளங்கவில்லையென்று சொல்ல வேண்டியிருந்தது.

ஊர் வாயைச் சொல்லவா வேண்டும்? சேர் அந்தப் பிள்ளையை மட்டும்தான் பார்க்கிறாராம் என்று கதை கிளம்பியது. ஒரு நாள் மகள் வந்து கொப்பியை எறிந்துவிட்டு அழுதாள்.

"நீங்க எல்லாருக்கும் சேத்துச் சொல்லியிரிக்கலாமே உம்மா. பாக்க வேணாம் எண்டு சொல்லக்க எல்லாருக்கும் சேத்துத்தானே சொன்னீங்க?"

கொப்பியை எடுத்துத் தூசு தட்டி வைத்தேன். அவள் அடுத்த நாளும் போனாள். அந்த முன்வாங்கில்தான் இருந்தாள்.

ஓ.எல். சோதனையில் மகள் கணக்கில் பாஸ். அல்ஹம்துலில்லாஹ். முதுகில் குத்தியவர்களிலும் பலர் பாஸ். ராத்தாவின் மகள்தான் அதிகம் குத்தினவள். அவளும் பாஸ். ராத்தா தன் மகளிடம் ஒரு பீங்கான் நிறையத் தொதல் இனிப்புக் கொடுத்தனுப்பினாள். தான் வரவில்லை. அந்தத் தொதலை வாங்கவும் எனக்கு வெட்கம், திருப்பி அனுப்பவும் வெட்கம்.

அந்தக் கிழமை காக்கா வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "பாஸானது நல்லம். அந்த மாப்பிள்ளையும் நல்ல இடம், விடக்கூடாது. என்ன புள்ள, சரிதானே?" என்று உள்ளறை வாசல் சீலையைப் பார்த்துக் கேட்டார். மகள் சீலைக்குப் பின்னால் நின்றாள். எங்கள் வழக்கப்படி அவள் பேசாமல் இருக்க வேண்டும்.

"இல்ல மாமா" என்றாள். "எனக்கு விளங்கல்ல. பாஸாகினா மேல படிக்கலாம் எண்டுதானே சொன்னீங்க?"

காக்கா என்னைப் பார்த்தார். பிள்ளையை அதட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். மாமாவுக்கு எதிர்த்துச் சொல்லும் பிள்ளையை வளர்த்தவள் என்று எனக்கு முகமெல்லாம் சுட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

அவர் மீதித் தேத்தண்ணியையும் குடித்தார். "சரி, படிக்கட்டும்" என்று கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.