பட்டன், பட்டன், பட்டன்

எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. உண்மையான வேலை நடப்பது காப்பாரில் இருக்கும் சலவை ஆலையில். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளையும் அறுவைச் சிகிச்சை உடுப்புகளையும் வெளுத்து மடித்து, லோரியில் ஏற்றித் திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். துணி ஒருநாளும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வராது, பில்கள்தான் வரும். அந்தக் கணக்குப் பகுதிக்கு நான் பொறுப்பு. கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறேன்.

பழைய கணக்கு மென்பொருள் நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அங்கே இருந்தது. காப்பாரில் ஒன்று, இங்கே ஒன்று. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே பதிந்ததை எக்ஸெல்லில் இறக்கி மின்னஞ்சலில் அனுப்புவார்கள், நாங்கள் அதை மறுபடி உட்கார்ந்து அடிப்போம். ஒரு மாதக் கணக்கை மூடுவதற்குள் அடுத்த மாதம் பாதி ஓடியிருக்கும். எரிச்சல்தான், ஆனால் பழகிப்போன எரிச்சல். பிறகு எல்லா பில்லும் இ-இன்வாய்ஸாக அரசாங்கத்தின் வழியாகப் போக வேண்டும் என்று விதி வந்தது. பழைய மென்பொருளுக்கு அது தெரியாது.

"மாத்திடுங்க. நல்லதா பாத்து எடுங்க, ஆனா ரொம்ப இழுக்காதீங்க" என்றார் பாஸ். அப்பாவின் தொழிலை எடுத்து நடத்துபவர் அவர். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பொறுமை இல்லை.

எனக்கு இருந்த ஒரே கவலை அக்காவைப் பற்றி.

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் அக்காதான். சப்ளையர்களின் பில்களை, சோப்புத் தூளிலிருந்து லோரி டயர் வரை, கணக்கில் ஏற்றுவது அவர் வேலை. கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்தவர். பள்ளிக்கூட வயதிலேயே ஒரு காய்ச்சலில் பார்வை போய்விட்டது. திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருளைத் தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் குரலை அவர் ஓடவிடும் வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு சொல்கூடப் பிடிபடாது. காதில் மாட்டியிருக்கும் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தால், தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல இருக்கும். சுட்டியை அவர் தொடுவதே இல்லை. எல்லாம் விசைப்பலகைதான். பழைய மென்பொருள் அழகில்லாததுதான் என்றாலும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் இருந்தது; குரல் அந்தப் பெயரைச் சொல்லும், அக்கா அடிப்பார்.

கையால் எழுதிய பில்களை மட்டும் அந்தக் குரலால் படிக்க முடியாது. அவற்றைக் காலையில் முதல் வேலையாக நான் படித்துச் சொல்வேன். ஆளுக்கொரு தே தாரிக் டீயோடு உட்கார்ந்து, பில் பாதி, ஊர்க்கதை பாதியாக அரைமணி நேரம் போகும்.

புது மென்பொருளை விளக்கிக் காட்ட வந்தவர் சுங்கை வேயில் இருக்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் ஆலோசகர். முப்பது வயதைத் தாண்டியவர், நன்றாகப் பேசினார். காப்பாரில் பதிந்த மறு நொடி இங்கே தெரிந்தது. பில்லைப் படம் எடுத்தால் அதுவே தொகையைப் படித்துக்கொண்டது. கடைசியில் மாதச் செலவு ஒரு வண்ண வட்டமாகச் சுழன்று வந்து நின்றபோது எல்லாரும் கை தட்டினார்கள்.

"எதுக்குக் கை தட்டுறீங்க?" என்றார் அக்கா.

"வட்டமா ஒரு படம் வந்துச்சு அக்கா. கலர் கலரா."

"ஓ. நல்லா இருந்தா சரி லா."

நான் ஆலோசகரைத் தனியே கூப்பிட்டு, திரையைப் படிக்கும் குரல் இதோடு வேலை செய்யுமா என்று கேட்டேன். "போலே, போலே. தாராளமா முடியும், பிரச்னையே இல்ல மேடம். எல்லாம் பிரவுசர்லதானே ஓடுது" என்றார். நம்பினேன். ஒப்பந்தம் போட்டோம்.

பயிற்சி நாளன்று கூட்ட அறையில் எல்லாருக்கும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் கேட்க வேண்டும் என்பதற்காக, குரலை மெதுவாக்கி ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். அவர் ஒரு விசையைத் தட்டினார். "பட்டன்" என்றது. இன்னொரு தட்டு. "பட்டன்." அடுத்தது, "படம்." அதற்கடுத்து மறுபடி, "பட்டன்." எது சேமிக்கும் பட்டன், எது அழிக்கும் பட்டன் என்று அந்தக் குரலுக்கே தெரியவில்லை. திரையில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஓர் அழகான சின்னம். பின்னால் பெயர் எழுத யாரும் மெனக்கெடவில்லை.

மற்றவர்கள் உற்சாகமாகச் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா மதியம் வரை முயன்றார். ஒரு பில்லைப் பாதி ஏற்றி, தெரியாமல் அழித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கைப்பையையும் வெள்ளைக் கோலையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் பின்னாலேயே இறங்கி ஓடினேன். பார்வையில்லாதவர்கள் நடக்கப் பதித்த மஞ்சள் கல் வரிசையின் மேல் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். அக்கா கோலால் தட்டிப் பார்த்து, அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

"அக்கா, நில்லுங்க. நான் அந்த ஆலோசகர்கிட்ட பேசுறேன்."

"என்னா பேசுவ?"

"சரி பண்ணச் சொல்றேன்."

"நீ மொதல்லயே கேட்டியா இல்லியா?"

"கேட்டேன்கா. முடியும்னுதான் சொன்னாரு."

"அப்ப எங்கிட்ட ஏன் ஓடி வர்ற? எனக்கு ஆறுதல் வேணாம். அவரு என்னாத்த வித்தாருன்னு அவர்கிட்ட போய்க் கேளு."

நான் போய்ச் சொன்னதை ஆலோசகர் கேட்டுக்கொண்டார். தன் ஆட்களிடம் சொல்வதாகவும், வரிசையில் நிறைய வேலை இருப்பதாகவும் சொன்னார். நாட்கள் போயின. பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஓடின. அக்கா பழையதில் ஏற்றுவார், அதையே வேறொருவர் புதியதில் மறுபடி ஏற்றுவார். வேலையைக் குறைக்க வாங்கிய மென்பொருள் வேலையை இரட்டிப்பாக்கியிருந்தது.

பாஸுக்கு அது பொறுக்கவில்லை. "அக்காவ டெலிபோனுக்கு மாத்திடலாமே? சம்பளம் அப்படியே இருக்கட்டும். நல்ல குரல் வேற. அவங்களுக்கும் டென்ஷன் இல்ல" என்றார். அவரை வேலையை விட்டு அனுப்பும் நினைப்பே பாஸுக்கு இல்லை. உண்மையில் அது அன்பான ஏற்பாடுதான் என்று எனக்கும் பட்டது. ஒரு பாரம் இறங்கியதுபோலக்கூட இருந்தது.

மறுநாள் காலை, டீ வந்ததும், பில்களைப் பிரிப்பதற்கு முன் அக்காவிடம் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் டீயை ஓர் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"நான் மொதமொதல்ல பிரிக்பீல்ட்ஸ்ல கண்ணு தெரியாதவங்க பயிற்சி எடத்துக்கு வந்தப்ப என்னா சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா? டெலிபோன் எடுக்க. கூடை பின்ன. உடம்பு புடிச்சு விட. இதுல ஒன்ன எடுத்துக்கோன்னாங்க. நான் டெலிபோன் எடுத்தேன். ஒரு ஆபிஸ்ல வருஷக்கணக்கா குட் மார்னிங் சொன்னேன். அங்க இருந்துக்கிட்டே சனிக்கிழமை சனிக்கிழமையா சொந்தக் காசு போட்டு கணக்கு படிச்சேன். இப்ப திரும்பப் போய் குட் மார்னிங் சொல்லணுமா?"

"நான் சொல்லல அக்கா. பாஸ்தான்..."

"நீதானே லா வந்து சொல்ற."

அன்று பில் படிக்கவில்லை. மாலையில் ரயிலில் சுபாங் வரை நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் கிடைத்த பிறகும் மனம் உட்காரவில்லை. அக்காவுக்கு உதவி செய்கிறேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். காலையில் பில் படிப்பது எனக்கு எளிது. யாரோடும் சண்டை போடத் தேவையில்லை. இப்போது யாரோடாவது சண்டை போட வேண்டியிருந்தது, அதற்குத்தான் எனக்கு மனமில்லை.

வேலை முடிந்தது, மென்பொருளை ஏற்றுக்கொண்டோம் என்று நாங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் இன்னும் என் மேசையில் கிடந்தது. போடமாட்டேன் என்று ஆலோசகரிடம் சொன்னேன். பாஸிடமும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "ஒருத்தருக்காகவா?" என்றார்.

"அந்த ஒருத்தருக்கும் வேலை செய்யும்னு அவங்க சொன்னாங்க பாஸ். அதுக்கும் சேத்துத்தான் நாம வாங்கினோம்."

அவர் ஒப்பந்தத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, பேசிப் பாருங்க. ஆனா இழுக்காதீங்க" என்றார்.

அக்காவும் நானும் சுங்கை வேக்குப் போனோம். தொழிற்சாலைகளுக்கு நடுவே, கீழே டயர் கடை, மேலே இவர்கள் அலுவலகம். ஆலோசகரோடு அந்தப் பக்கங்களை எழுதிய பெண்ணும் வந்து உட்கார்ந்தார். ஆலோசகர் மடிக்கணினியைத் திறந்து ஏதோ விளக்க ஆரம்பித்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றார் அக்கா. "திரைய மூடுங்க."

"மூடினா எப்படி அக்கா?"

"வெளிச்சத்த சுத்தமா கொறைங்க. குரல மட்டும் போடுங்க. இப்ப ஒரு பில் ஏத்துங்க. சின்ன பில்லு போதும்."

அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். குரல் "பட்டன்" என்றது. இன்னொரு தட்டு, இன்னொரு "பட்டன்". சிரிப்பு நின்றது. தவறான இடத்துக்குப் போய், திரும்பி வந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் ஒரு தாளில் எதையோ வேகமாகக் குறித்துக்கொண்டே இருந்தார்.

"போதும் தம்பி" என்று அக்காவே நிறுத்தினார். "ஒங்கள கேலி பண்ண வரல. எனக்கு எதுக்கெல்லாம் பேரு வேணும்னு நான் சொல்றேன், எழுதிக்குங்க."

அன்று மாலை வரை அங்கேதான் இருந்தோம். கட்டம் கட்டமாக அக்கா சொன்னார். பெண் கேள்வி கேட்டார், சில இடங்களில் அங்கேயே பெயர் வைத்து, சரியா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். முதல் முறையாகக் குரல் "சேவ்" என்று பட்டனின் பெயரைச் சொன்னபோது அக்கா, "ஆங், வந்துட்டா பாரு" என்றார்.

எல்லாம் ஒரேயடியாக நடந்துவிடவில்லை. சில மாதங்கள் ஆயின. பில் ஏற்றும் பக்கங்கள், சப்ளையர் பக்கங்கள், ஒப்புதல் பக்கம் எல்லாம் சரியாயின. வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்கும் பக்கம் இன்றுவரை சரியாகவில்லை; அதை நான்தான் செய்கிறேன். அவ்வப்போது புது அப்டேட் வந்து எங்கேயாவது ஒரு பட்டன் ஊமையாகிவிடும். அக்கா எனக்குச் சொல்வதுகூட இல்லை, சுங்கை வே பெண்ணுக்கு நேரே செய்தி அனுப்பிவிடுவார். பில் பக்கங்கள் சரியானதுமே அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இப்போது மாதக் கணக்கு அடுத்த மாதத்தின் முதல் வாரத்திலேயே மூடுகிறது. சப்ளையர்களும் இ-இன்வாய்ஸுக்கு மாற, கையால் எழுதிய பில் வருவது அபூர்வமாகிவிட்டது. ஒருநாள் காலை வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். படிக்க ஒன்றும் இல்லை.

"என்னா, சும்மா ஒக்காந்திருக்க?"

"பழக்கம் அக்கா. ஒங்களுக்கு அந்த நேரம் இல்லாம ஒரு மாதிரியா இல்ல?"

"கதை பேசறது புடிக்கும். பில்லு படிக்கிறது புடிக்காது. நீ வீட்டுல சண்ட போட்டுட்டு வந்தா அன்னிக்கு நம்பரெல்லாம் என்னத் திட்டுற மாதிரி வரும். நீ லீவு போட்டா என் வேலயும் லீவு. ஒங்கிட்ட சொல்ல முடியுமா? நல்லதுதான செய்யுற."

எனக்குச் சுருக்கென்றது. டீயைக் குடித்தேன். இத்தனை வருடமும் அவர் என் குரலில் என் வீட்டையே கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. டீ இன்னும் இரண்டு பேருக்கும் சேர்ந்துதான் வருகிறது. பேச்சு மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் நேராக இருக்கிறது.

அந்த வருடக் கடைசியில் அக்கா தானாகவே பாஸ் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். முன்னைவிட அதிக பில் ஏற்றுகிறேன், காப்பார் பில்லும் இப்போது என்னிடம்தான் வருகிறது, சம்பளத்தைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்து, "யோசிக்கிறாராம்" என்றார். பாஸ் யோசித்தார், கொடுத்தார், கேட்டதைவிடக் குறைவுதான். அக்கா அதைக் கணக்குப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை எங்கள் கணக்குப் பகுதி முழுவதையும் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். ரசம் தண்ணியாக இருக்கிறது என்று கடைக்கார அண்ணனைக் கூப்பிட்டு, முழுக் கடைக்கும் கேட்கும்படி சொன்னார்.