தொட்டிலுக்கு மேலே ஒரு ஓட்டை

வீரய்யாவுக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது, காரில் தெரியும். கியர் விழுகிற சத்தத்திலேயே பின்சீட்டில் இருப்பவருக்கு விஷயம் விளங்கிவிடும். தலவாக்கலைக்கு மேலே மேமலைத் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாக் காரைத் தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டி வந்தவன் அவன். காக்கிச் சட்டை, தொப்பி, பளபளக்கும் பூட்ஸ். பார்க்கிறவர்கள், "அவனுக்கென்ன, தொரைக்குப் பக்கத்து ஆளு" என்பார்கள். பக்கத்து ஆளாம்! அந்தப் பக்கத்து ஆள் சாயங்காலம் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போய்ப் படுப்பது எங்கே? மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவில். நீளமாக ஒரே தகரக் கூரை, அதன் கீழே குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிப்போட்ட லயம் அது. தகரமெல்லாம் துருவேறி, கடைசிக் காம்பராவின் மேலே கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

ஒரு ஓட்டைக்காக இவ்வளவு பேச்சா என்று சிரிக்காதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆனி மழையில் அந்த ஓட்டை வழியாக வந்த தண்ணீர் தொட்டில் கயிற்றிலேயே வழிந்து இறங்கித் துணியை நனைத்தது. நனைந்த துணியில் கிடந்த மூத்த பிள்ளை நெஞ்சுச் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தது. தொட்டிலை இடம் மாற்றலாம் என்றால் கயிறு கட்ட அந்தக் காம்பராவில் இருப்பதே ஒரே ஒரு உத்திரம். இப்போது மறுபடி ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. சித்திரை நடந்துகொண்டிருந்தது. ஆனி வரத்தானே போகிறது?

சரி, அடைத்துவிட்டால் போச்சு என்பீர்கள். அங்கேதான் இருக்கிறது அநியாயம். லயத்துக் கூரையில் கைவைக்க லயத்துக்காரனுக்கு உரிமை கிடையாது. அது தோட்டத்துச் சொத்து. ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, அவர் துரையிடம் சொல்லி, துரை மனம் வைக்க வேண்டும். கணக்கப்பிள்ளை பொன்னையாவின் முன்னால் வீரய்யா எத்தனையோ தடவை தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டான். "தொரை காதுல போட்டிருக்கேன், பாப்பம்" என்பதுதான் எப்போதும் பதில். துரையின் காது காரில் வீரய்யாவின் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. ஆனால் கணக்கப்பிள்ளையைத் தாண்டி நேரே கேட்டால் அது பெரிய குற்றம்.

அவன் பெண்சாதி வேலாயிக்குப் பொறுமை போய்விட்டது. "மாட்டுப் பட்டிக்கு நாமளே புல்லு வெட்டிக் கூர போடுறோம். அதுக்கு ஒரு பய வாயத் தொறக்கல. மாடு நனையக் கூடாது, எம்புள்ள நனையலாமாங்க?"

வீரய்யா ஓட்டைக்குக் கீழே சட்டியை நகர்த்தி வைத்தான்.

அந்தச் சித்திரையில்தான் ஜப்பானிலிருந்து மொரிதா என்ற தேயிலை ஆராய்ச்சிக்காரர் மனைவியோடு பங்களாவில் வந்து தங்கினார். அந்த அம்மாவுக்குப் பழைய காலத்துக் கிராமம் ஒன்றைப் பார்க்க வேண்டுமாம். கொத்மலைச் சிங்களக் கிராமத்துக்குக் கூட்டிப்போ என்றார் துரை. மனிதர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்குப் பங்களாவின் பின்பக்கமே மேட்டு லயம் கிடந்தது. அதைப் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

காலை வெயிலில் கார் வட்டகொடையைத் தாண்டிப் பூண்டுலோயாப் பாதையில் இறங்கியது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம், எதிரே அருவி வெள்ளையாய் விழுந்துகொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு அந்த அம்மா காரை நிறுத்தச் சொல்லிப் படம் பிடித்தார். கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்து, "எவ்வளவு அழகு!" என்றார். அழகுதான், யார் இல்லையென்றது? பனியில் நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த அழகுக்குள் நின்று பார்த்தால் தெரியும் என்று வீரய்யா மனதுக்குள் முணுமுணுத்தான்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வளைவில் இருக்கும் முனியாண்டி கல்லைக் கும்பிடாமல் எந்தத் தோட்டத்து டிரைவரும் அந்தப் பாதையில் போக மாட்டான். வீரய்யா இறங்கிச் சூடம் கொளுத்தினான். ஆனிக்கு முன்னால் ஒரு தகரம், அதைத்தான் வேண்டினான். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தலை குனிந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார். அது அவனுக்குப் பிடித்துப் போயிற்று.

கொத்மலையில் அவர்கள் போன நேரம், கிரிபண்டா என்ற கிழவரின் வீட்டுக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரே அங்கே இருந்தது. சிலர் புல்லைக் கட்டுக் கட்டாய் எறிய, சிலர் மேலே உட்கார்ந்து வாங்கிக் கட்ட, பெண்கள் கீழே பாற்சோறு கிண்டிக்கொண்டிருந்தார்கள். வீரய்யாவுக்குச் சிங்களம் நன்றாக வரும், கார் ஓட்டப் போதுமான இங்கிலீசும் வரும். அவனே இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு என் வீடு, அடுத்த பௌர்ணமிப் போயாவுக்கு இன்னொருத்தன் வீடு. பெரிய மழைக்கு முன்னால எல்லா வீட்டுக்கும் முடிச்சிருவோம்" என்றார் கிரிபண்டா. கூலி எவ்வளவு என்று ஆராய்ச்சிக்காரர் கேட்டதற்குக் கிழவர் சிரித்துவிட்டார். "கூலியா? அவன் வீட்டுக்கு நான் ஏறுவேனே, அதுதான்!"

அதைக் கேட்டதும் அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "என் ஊரும் மலை ஊர்தான். எங்கள் வீட்டுக் கூரைகள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுகிற மாதிரி உயரமாக இருக்கும். அங்கேயும் ஊரே கூடி ஒரே நாளில் ஒரு வீட்டை வேய்ந்து முடிப்போம்" என்றார். பிறகு சாதாரணமாக வீரய்யாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "உங்கள் வீடுகளிலும் இப்படித்தானா?"

வீரய்யா என்னவென்று சொல்வான்? கொத்மலைக்காரனுக்குக் கூரை சொந்தம், கடல் தாண்டி ஜப்பான்காரிக்கும் கூரை சொந்தம், எங்களுக்கு மட்டும் தலைக்கு மேலே இருப்பது துரையுடையது என்றா? எங்கள் கூரையில் நாங்கள் ஏறினால் குற்றம் என்றா? வாய் தானாகவே சொல்லிவிட்டது:

"ஆமாங்க. நாங்களும் அப்படித்தான்."

அந்த அம்மா சந்தோஷப்பட்டுத் தலையாட்டினார்.

திரும்பும்போது மத்தியான மழை பிடித்துக்கொண்டது. கார் ஏற்றத்தில் உறுமிய உறுமலில் ஆராய்ச்சிக்காரர் இரண்டு தடவை, வண்டியில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். கோளாறு வண்டியில் இல்லை. முன்சீட்டில் இருந்தவனிடம் இருந்தது. ஏன் பொய் சொன்னோம்? உண்மையைச் சொல்ல ஏன் நமக்கு வெட்கம்? வெட்கப்பட வேண்டியவர் பங்களாவில் கால் மேல் கால் போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறாரே!

காம்பராவுக்குப் போனால், ஓட்டைக்குக் கீழே சட்டி. வேலாயி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தாள். தொட்டில் நனைந்து தொங்கியது. நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னான்.

"பொய் சொல்லிட்டு வந்தீங்களாக்கும்" என்றாள் வேலாயி. "சொன்னது சொல்லிட்டீங்க. அப்ப அதச் செஞ்சிருங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீரய்யா பக்கத்துக் காம்பரா மூக்கனைக் கூப்பிட்டான். மூக்கன் சோலைமலையைக் கூப்பிட்டான். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று பிறகு தெரியவில்லை, லயமே மலைக்குப் போய் மானாப்புல் வெட்டிக்கொண்டு வந்தது. மாட்டுப் பட்டிக்குக் கூரை போட்ட கைகள்தானே? மத்தியான மழை வருமுன் ஓட்டையை மூடி, கடைசிக் காம்பரா முழுவதற்கும் புல் வேய்ந்து, மூங்கில் வைத்துக் கட்டிவிட்டார்கள். வேலாயி ரொட்டி சுட்டுக் கொடுத்து மாளவில்லை. அன்று கொட்டிய மழையில் தொட்டில் கயிறு காய்ந்தபடியே இருந்தது. வேலாயி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சில வாரம் யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் துரை வீரய்யாவைப் பங்களாவுக்குள்ளேயே கூப்பிட்டார். கணக்கப்பிள்ளை பொன்னையா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாய் நின்றார்.

"யாரைக் கேட்டு லயத்துக் கூரையில் புல் போட்டாய்?"

"புள்ள நனையுதுங்க தொரே. மூத்தது அதுலதான் போச்சு."

"தோட்டத்துச் சொத்தில் கைவைக்க உனக்கு யார் அதிகாரம் தந்தது? பார்க்கவே அசிங்கம். பொழுது சாய்வதற்குள் பிரித்துப் போடு."

வீரய்யா தலையைத் தூக்கினான். துரைக்குப் பின்னால், சுவரில், சட்டம் போட்ட புதுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. கிரிபண்டாவின் வீடு! புல்லுக் கூரை, அதன் மேல் சிரித்தபடி ஆட்கள், பின்னால் மலை. அந்த அம்மா பிடித்து அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனது. வருகிற விருந்தாளிகள் எல்லாம் அதன் முன்னால் நின்று, "எவ்வளவு அழகு!" என்றுதான் சொல்வார்கள்.

"அந்தப் படத்துல இருக்குறதும் புல்லுதானுங்களே தொரே?"

பொன்னையாவுக்கு வேர்த்துவிட்டது. துரை திரும்பிப் படத்தைப் பார்த்தார், பிறகு இவனைப் பார்த்தார்.

"அது கிராமம். இது தோட்டம்" என்றார். "பிரிக்கிறாயா, கார்ச் சாவியை வைக்கிறாயா?"

அடப்பாவி! சுவரில் தொங்கினால் அழகு, பிள்ளையின் தலைக்கு மேலே இருந்தால் அசிங்கமா? வீரய்யா சாவியை மேசையில் வைத்தான். தொப்பியையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான்.

"எம்புள்ள காஞ்ச தொட்டில்ல தூங்குதுங்க தொரே. நான் பிரிக்க மாட்டேன்."

சாயங்காலம் பொன்னையாவே லயத்துக்கு வந்து மூக்கனைக் கூரையில் ஏறச் சொன்னார். "முழங்கால் வலிங்க" என்றான் மூக்கன். சோலைமலைக்கு உயரத்தைப் பார்த்தாலே தலை சுற்றியதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை கூரையில் கிடந்தவர்களே இவர்கள் இரண்டு பேரும்தான்! வேலாயி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "நீங்களே ஏறுங்க கணக்கப்புள்ளையா. ஏணி வேணும்னா நான் பிடிக்கிறேன்." பொன்னையா மேலே பார்த்தார், கீழே பார்த்தார், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். புல் அங்கேயே இருந்தது. ஆனி மழையும் வந்து போனது. பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

வீரய்யா அதற்குப் பிறகு கார் ஓட்டவில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்து, ஸ்டியரிங் பழகிய கையெல்லாம் காய்த்துப் போயிற்று. புதுத் தகரம் வந்தபோது துரை அதை ரோட்டோரத்து லயத்துக்கு மட்டும் போடச் சொன்னார், விருந்தாளிகள் கண்ணில் படுவது அதுதானே. மேட்டு லயத்தில் வருஷா வருஷம் சித்திரையில் ஒவ்வொரு காம்பராவாகப் புல் ஏறியது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் யாராவது, "புல்லுக்கட்டுக்காகக் காரையே விட்டவன்" என்று கேலி செய்தால் வீரய்யாவுக்கு இன்னும் கோபம் வரும்.

"போங்கடா! ஊரு விட்டு ஊரு வந்த பொம்பள. எங்க சாமிக்கு முன்னால சப்பாத்தக் கழட்டி நின்னுச்சு. நாங்களும் அப்படித்தான்னு அதுகிட்ட சொல்லிட்டேன். சொன்ன சொல்ல காப்பாத்த வேணாமா?"